கச்சானுக்க புல்லு நடுகிற கெட்டிக்காரர்

வா தம்பி, இந்த வாங்கில இரு. தொப்பியைக் கழட்டு. வெயிலுக்குப் போட்டனியோ, இல்லாட்டி அதில எழுதிக் கிடக்கிற திட்டத்தின்ர பேரை ஊர் பார்க்கட்டும் எண்டு போட்டனியோ? எதுக்கெண்டாலும் கழட்டு. வேப்ப மரத்துக்குக் கீழ இருக்கிறவனுக்குத் தொப்பி என்னத்துக்கு?

கிரவல் தோண்டின கிடங்குகளைத் திருத்தி மேய்ச்சல் புல்லு வளர்க்கப் போறியள் எண்டு கேள்விப்பட்டன். நல்ல விசயம். பகிடிக்குச் சொல்லேல்லை, உண்மையாத்தான். கந்தளாய்ப் பக்கம் றோட்டை விட்டு உள்ளுக்கு இறங்கிப் பார். செம்மண் கிடங்குகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். 2009இல சண்டை முடிஞ்சுது. அந்த வருசமே கிண்ணியாப் பாலமும் திறந்தாச்சு. பாதைப் படகு வருமட்டும் துறையில குந்தியிருந்த சனம் நிமிசத்தில கடலைத் தாண்டிப் போகுது. பிறகு ஊரெல்லாம் கார்பட் றோட்டு. றோட்டுக்குப் போட்ட கிரவல் என்ன வானத்தில இருந்து விழுந்ததே? எங்கயோ ஒரு காணியின்ர வயித்தைக் கிழிச்சுத்தான் வந்துது. றோட்டுத் திறக்க மாலையோட ஆக்கள் வந்தவை. கிடங்கு மூட ஆர் வந்தது?

எங்களுக்குப் புல்லு வேணும் தம்பி. பெரும்போகத்துக்கு வயல் உழுதாச்செண்டா, "மாட்டைக் கொண்டு போ" எண்டு கூட்டத்தில தீர்மானம் எடுப்பினம். சரி, கொண்டு போவம். எங்க? காட்டுக்குள்ள போனா வன இலாகாக் கல்லு. குளத்தடிக்குப் போனா அங்கயும் ஆரோ விதைச்சுக் கிடக்கு. றோட்டில நிண்டா லொறிக்காரன் அடிச்சுப் போட்டுப் போறான். கிண்ணியா, மூதூர் எருமைத்தயிரெண்டா கொழும்பில இருந்து வாறவன் சட்டியோட தூக்கிக்கொண்டு போறான். அந்தத் தயிர் எப்பிடிச் சட்டிக்க வந்ததெண்டு அவன் கேட்டவனே? எருமை என்ன காத்தைக் குடிச்சே பால் தருது?

அதால புல்லு வளர்க்கிறன் எண்டு நீ வந்தா நான் எழும்பி நிண்டு கும்பிடுவன். ஆனா நீங்கள் தொடங்கிற சீரைப் பார்த்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

ஒருக்கா என்னையும் கூப்பிட்டவை. நிலாவெளிப் பக்கம், கடலைப் பார்த்த ஹொட்டேல். குளிர் எண்டா குளிர். வந்த எல்லாருக்கும் ஒரு பை, ஒரு பேனை, ஒரு ரீசேட்டு. ஒரு ஐயா எழும்பி "சீரழிந்த நிலங்களின் நிலைபேறான மீளுருவாக்கம்" எண்டார். சுவரில படம் ஓடிச்சு. ட்ரோன் மேல பறந்து எடுத்த படமாம். எனக்குப் பக்கத்தில இருந்த பட்டிக்காரன் காதுக்குள்ள கேட்டான்: "அண்ணை, புல்லைப் பத்தி எப்ப கதைப்பினம்?" பொறடா, சாப்பாட்டுக்குப் பிறகு எண்டன். சாப்பாட்டுக்குப் பிறகு நன்றியுரை.

அது போகட்டும். நடுகை விழாவை எப்ப வைச்சவை எண்டு கேளன். ஜூன் 5. உலக சுற்றாடல் தினமாம்.

தம்பி, நீ படிச்ச பிள்ளை. அந்த நாளை ஆர் தெரிஞ்செடுத்தது? 1972இல சுவீடனில, ஸ்டொக்ஹோம் எண்ட ஊரில உலகத்து நாடுகள் கூடி மாநாடு வைச்சவை. அது தொடங்கின நாள். அங்க ஜூன் மாசம் எண்டா பனியெல்லாம் விட்டு, நாடே பச்சை பிடிச்சு நிக்கிற காலம். பொழுது படவே மாட்டுதெண்டு அடம்பிடிக்கும். அவனுக்கு அது நடுகிற நாள்தான், நியாயம். எங்களுக்கு? ஜூனெண்டா இஞ்ச கச்சான் காத்து. மலைக்கு அங்கால ஈரத்தையெல்லாம் கொட்டிப்போட்டு, எங்கட பக்கம் வெறும் சூட்டோட இறங்கிற காத்து. கழுவிப் போட்ட வேட்டி கொடியில விரிக்க முன்னமே காயும். அந்தக் காத்துக்குள்ள, கிரவல் கிடங்குக்க, பொலித்தீன் பையைக் கிழிச்சுப் புல்லுக் கட்டை நடுகினம்! படம் எடுக்கினம். தண்ணி பவுசர் வந்து ஒருக்கா ஊத்திப்போட்டுப் போகுது. ஆடியில போய்ப் பார்த்தா பனர் மட்டும் பச்சையா நிக்கும்.

எங்கட மழையின்ர பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலதான். இதைக் கண்டுபிடிக்க ட்ரோன் வேணுமே? மாட்டைக் கேட்டாலும் சொல்லும்.

இனி மண்ணுக்கு வருவம். இதிலதான் நான் கொஞ்சம் நிண்டு கதைக்கப் போறன், கொட்டாவி விடாத.

கிரவல் தோண்ட வாறவன் முதலில என்ன செய்யிறான்? பெக்கோவைக் கொண்டு வந்து மேல கிடக்கிற ஒரு சாண் கறுத்த மண்ணை வழிக்கிறான். அது அவனுக்குக் குப்பை. "கழிவு மண்" எண்டு சொல்லி ஓரமாத் தள்ளுறான், இல்லாட்டி ஆற்றையேன் வளவு நிரப்ப வித்துப்போடுறான். அவனுக்கு வேண்டியது கீழ கிடக்கிற கிரவல். உனக்கு வேண்டியது என்ன? அவன் குப்பையெண்டு எறிஞ்ச அந்த ஒரு சாண்தான். புல்லின்ர வேர் அதுக்கதான் கிடக்கு, விதை அதுக்கதான் கிடக்கு, மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத சீவன்களும் அதுக்கதான். பாலின்ர ஆடையை வழிச்செடுத்து வித்துப்போட்டு, மிச்சத் தண்ணிக்க உறை ஊத்தித் தயிர் வருமோ எண்டு சட்டியைத் தட்டிப் பார்க்கிறியள்.

அதால கிடங்கைத் திருத்திற வேலை கிடங்கு தோண்டி முடிஞ்ச பிறகு தொடங்கிறதில்லை. முதல் பெக்கோ வாளி இறங்க முன்னமே தொடங்குது. மேல்மண்ணைத் தனியா எடு. அடிமண்ணோட கலக்காத. ஓரமாக் குவி. குவியலை ஆளுயரத்துக்கு மேல போக விடாத, உயரக் குவிச்சா அடியில காத்துப் போகாது, உள்ளுக்குக் கிடக்கிற சீவன் செத்துப்போகும். வருசக்கணக்கா வைச்சிருக்கவும் கூடாது. ஒரு பக்கம் தோண்டித் தோண்டிப் போக, தோண்டி முடிஞ்ச பக்கத்துக்கு அந்த மண்ணைத் திருப்பிப் பரப்பிக்கொண்டே போகவேணும். பெக்கோவும் அங்கதான் நிக்குது, டிப்பரும் அங்கதான் நிக்குது, சாரதிக்குச் சம்பளமும் குடுத்தாச்சு. அந்த நேரத்தில செய்தா என்ன செலவு? எல்லாம் முடிஞ்சு பத்து வருசத்தால மீளுருவாக்கம் எண்டு வந்தா, அதே மண்ணை இன்னொருத்தற்ற காணியில இருந்து வழிச்சுக்கொண்டு வருவியள். ஒரு கிடங்கை மூட இன்னொரு கிடங்கு. கொந்தராத்துக்காரருக்கு ரெண்டு தரம் பொங்கல்.

சட்டம் இல்லையெண்டு நினைக்காத. 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்தால வந்த புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் இருக்கு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு கடகம் மண் அள்ளேலாது, கடுதாசியில. தோண்டினவன் காணியைச் சீர்செய்து விடவேணும் எண்டும் நிபந்தனை போடுவினம். நிபந்தனையை வாசிக்கிறதுக்குக் கண்ணாடி எல்லாரிட்டயும் இருக்கு. கிடங்கடிக்குப் போய்ப் பார்க்கிறதுக்குத்தான் ஒருத்தருக்கும் செருப்பில்லை.

அமெரிக்காக்காரன் 1977இலேயே நிலக்கரி தோண்டுறவனுக்குச் சட்டம் போட்டவன்: மேல்மண்ணைத் தனியா எடுத்து வை, முடிஞ்ச பிறகு திருப்பிப் போடு எண்டு. போட்டவை. மலையைத் தோண்டிக் கரி எடுத்துப்போட்டு, திருப்பி நிரப்பி, டோசரால அமத்தி அமத்தி வடிவா மட்டம் பிடிச்சு விட்டவை. பார்க்க என்ன வடிவு! ஆனா அமத்தின அமத்தில நிலம் சீமெந்தாப் போச்சு. மரம் வைச்சா வேர் இறங்க மாட்டன் எண்டுது. புல்லு மட்டும் ஒருமாதிரிப் பிடிச்சுக்கொண்டுது. பிறகு 1997இல கென்டக்கி மாநிலத்தில, அந்தப் புல்லுக் கிடந்த பழைய சுரங்க மலைகளில, எல்க் எண்ட பெரிய மானைக் கொண்டு வந்து விட்டவை. ஊரில இருந்து அழிஞ்சு போன மான். அது மேஞ்சு பெருகிப்போச்சு. பார்த்தியே? மான் வந்து நல்ல பேர் வாங்கிக் குடுத்துது, மட்டம் பிடிச்ச எஞ்சினியருக்கு.

அதால நீ வடிவு பார்க்காத. டிப்பர் ஓடி ஓடி இறுகின நிலத்தை முதலில கிழி. ஆவணி, புரட்டாதியில, காய்ஞ்சு கிடக்கேக்க, ட்ரக்டரில ஆழக் கலப்பையைப் பூட்டி, சரிவுக்குக் குறுக்க உழு. நேர கீழ நோக்கி உழுதியோ, முதல் மழைக்கே வாய்க்கால் வெட்டிக்கொண்டு மண்ணெல்லாம் குளத்துக்குப் போயிடும். கட்டி முட்டியாக் கிடக்கட்டும். மேடும் பள்ளமுமாக் கிடந்தாத்தான் தண்ணி நிக்கும், விதை ஒதுங்கும். பார்க்கிறதுக்குப் பிரதம அதிதி வந்தா மூக்கைச் சுழிப்பார். சுழிக்கட்டும், அவரே மேயப் போறார்?

புல்லெண்டா என்ன புல்லு எண்டு கேக்கிறாய். உன்ர கடுதாசியில சீஓ 3 எண்டு எழுதிக் கிடக்கு. நல்ல புல்லுத்தான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர் கம்பையும் நேப்பியரையும் ஒட்டிப் பிறப்பிச்சது. ஆளுயரத்துக்கு நிக்கும். ஒன்றரை மாசத்துக்கு ஒருக்கா வெட்டலாம். ஆனா அது வீட்டு மாப்பிள்ளை எல்லோ? தண்ணி வேணும், சாணி வேணும், யூரியா வேணும். கிணத்தடியில நட்டா குடும்பத்தைக் காப்பாத்தும். கிரவல் கிடங்குக்க நட்டா நீ அதைக் காப்பாத்தவேணும். யூரியா விலை கேட்டனியே இப்ப?

றோட்டோரத்தில நிக்கிற கினிப்புல்லைப் பார். ஆர் நட்டது? ஆர் தண்ணி ஊத்தினது? ஆப்பிரிக்காவில இருந்து வந்த புல்லு, இப்ப எங்களை விடப் பழைய குடியாப் போச்சு. கச்சானுக்குக் கருகும், நெருப்புப் பிடிச்சா எரியும், ஐப்பசியில முதல் மழை விழ அடிக்கட்டையில இருந்து திரும்ப எழும்பும். அதின்ர அடியைப் பிரிச்சு, ரெண்டு மூண்டு தண்டாச் சேர்த்து, மழை பிடிச்ச பிறகு நடு. காசு? கத்தி தீட்டிற காசுதான். இடைக்கிடை கிளிசரியாத் தடியை வேலியா ஊண்டு. அது காத்தில கிடக்கிற சத்தை, அதுதான் நைதரசன் எண்டு சொல்லுவியளே, அதை வேரில பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கும். இலையை வெட்டி மாட்டுக்கும் போடலாம். ஒரு தடியில வேலியும் பசளையும் தீனியும். ரீசேட்டு அடிக்கிறதெண்டா அதின்ர படத்தைப் போட்டு அடி.

இன்னொண்டு. வெளியூர் டோசரை உள்ளுக்கு விட முன்னம் சில்லைக் கழுவச் சொல்லு. வன்னிப் பக்கம் வேலை செய்துபோட்டு வந்ததெண்டா பார்த்தீனியம் விதையும் சேர்ந்து வரும். பேந்து புல்லுக்குப் பதிலா அதைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய், உடம்பெல்லாம் சொறியும்.

இப்ப பெரிய பசளைப் பிரச்சினை. மேல்மண் போன நிலத்துக்கு என்ன போடுறது? உன்ர கடுதாசியில லொறி லொறியா சேதனப் பசளை வாங்கிறதெண்டு கிடக்கு. விலைமனுக் கோரலாம். ஏன் ராசா, எங்கட ஊரில இத்தனை பட்டி இருக்கேக்க? யாழ்ப்பாணத்தில புகையிலைத் தோட்டக்காரன் முந்தி என்ன செய்தவன்? இரவில மாட்டைத் தோட்டத்துக்க அடைச்சவன். கொஞ்சநாளைக்கு இந்த மூலை, பேந்து பட்டியைக் கழட்டி அடுத்த மூலை. சாணியும் மூத்திரமும் கிடக்கிற இடத்திலயே விழுந்துது. அள்ளுகூலி இல்லை, ஏத்துகூலி இல்லை, விலைமனு இல்லை. ஆனியில இருந்து புரட்டாதி வரைக்கும் பட்டிக்காரரைக் கூப்பிட்டு உன்ர கிடங்குக்க இரவுக்கு அடைக்கச் சொல்லு. பகலில மாடு எங்கெங்க மேஞ்சதோ, அங்கத்தைப் புல்லு விதையெல்லாம் சாணியோட வந்து இறங்கும். உனக்குப் பசளையும் வருது, விதையும் வருது, நடுகிற ஆளும் நாலு காலில வருகுது. குளம்பால மிதிச்சு விதையை மண்ணுக்க அமத்தியும் விடும். இதுக்கு ஆலோசகர் கட்டணம் எவ்வளவு கேட்கலாம் எண்டு நீயே சொல்லு.

மழை விழுந்த உடன பட்டியைக் கழட்டு. இதில இரக்கம் பார்க்காத. முதல் மாரி முழுக்க ஒரு மாடும் வாய் வைக்கக் கூடாது. முளைக்கிற புல்லு வேர் விட்டு, பூத்து, விதை கொட்டட்டும். இஞ்சதான் சிக்கல் இருக்கு, ஹொட்டேலில ஒருத்தரும் சொல்லாத சிக்கல். வயலில இருந்து மாட்டைக் கலைக்கிறதும் அதே மாரிதான். மாடு நிக்க இடமில்லாமல் அந்தரிக்கிற நேரத்தில உன்ர வேலியையும் பூட்டினா, இரவோட இரவா வேலி காணாமல் போகும். ஆர் வெட்டினதெண்டு என்னைக் கேளாத, எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டன். அதால காணியை ரெண்டாப் பிரி. இந்த வருசம் ஒரு பாதி பூட்டு, மற்றப் பாதி பட்டிக்காரனுக்கு. அடுத்த மாரிக்குப் பூட்டின பாதியைத் திற. வயல் பூட்டியிருக்கிற அந்த மாசங்களில மாட்டுக்கு ஒரு போக்கிடம் இருந்தா, கமக்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் பொலிசுக்குப் போற வேலை பாதி குறையும்.

எல்லாக் கிடங்கையும் மூட வெளிக்கிடாத. ஆழமான ஒண்டை விடு. மாரித் தண்ணி நிக்கும். செங்குத்துக் கரையை வெட்டிச் சரிச்சு விடு, பிள்ளை குட்டி வழுக்கி விழுந்தாலும் ஏறி வரலாம், மாடும் இறங்கி ஏறலாம். எருமைக்குப் புல்லு மட்டும் போதாது தம்பி, புரள ஒரு சேத்துக்குட்டை வேணும். அது இல்லாட்டி வெயிலுக்குப் பால் வத்திப்போகும். உன்ர வரைபடத்தில "நீர்நிலை" எண்டு நீல மை பூசு, திட்டக்காரரும் சந்தோசப்படட்டும்.

புல்மோட்டைக்கும் இதே மருந்தோ எண்டு கேக்கிறாய். இல்லை, அது வேற வருத்தம். 1957இல கூட்டுத்தாபனம் அமைச்சு, கடற்கரைக் கறுப்பு மணலை அள்ளத் தொடங்கினவை. இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் அதுக்க கிடக்கு. கறுப்பா இஞ்ச இருந்து கப்பல் ஏறுது, எங்கயோ போய் அரைபட்டு, வெள்ளைப் பெயின்றா வாளியில திரும்பி வருது. நாங்கள் காசு குடுத்து வாங்கிச் சுவருக்கு அடிக்கிறம். அது பெரிய கதை, இப்ப வேண்டாம். கரையோரத்தில அள்ளின மணலைக் கடலே வாடைக் காலத்து அலையில திருப்பிக் கொண்டு வந்து போடும். உள்ளுக்குக் கிளறின மணலுக்குத்தான் ஆரும் இல்லை. களியும் இல்லை, இலைமக்கும் இல்லை, ஊத்தின தண்ணி கீழ போய்க் கடலோட சேரும். அங்க போய் சீஓ 3 நட்டா நட்ட கைக்கே சிரிப்பு வரும். முதலில இராவணன் மீசையும் அடம்பனும் வந்து மணலைப் பிடிக்கவேணும். இராவணன் மீசையில வாய் வைச்சா மாட்டுக்கு மூக்கு கிழியும், ஆனா காத்துக்கு மணல் பறக்காமல் நிப்பாட்டும். அடம்பன் கொடியும் திரண்டா மிடுக்கெண்டு சொன்னவன் கடற்கரைக்காரனாத்தான் இருப்பான். அதுகள் வந்து, செத்து, மக்கி, சில வருசம் போனாப் பிறகுதான் வேற புல்லைப் பற்றிக் கதை.

அந்த மணலுக்க மொனசைட்டும் கிடக்கு, அதுக்க தோரியம். அதால அந்த இடத்தில கறவை மாடு விட முன்னம் கதிர் அளக்கிற கருவியோட ஆக்கள் வந்து அளக்கட்டும். அதுக்கு நான் பகிடி பண்ண மாட்டன். கருவி வேண்டிய இடத்துக்குக் கருவி வேணும். தமிழ்நாட்டு மணவாளக்குறிச்சியிலயும் கேரளத்துச் சவறாவிலயும் இதே சாதி மணல்தான் அள்ளுகினம். போய் அவை எப்பிடி மூடி நடுகினம் எண்டு பார்த்துப்போட்டு வா. கடற்கரையில நிண்டு செல்பி எடுத்துப்போட்டு வராமல்.

கடைசியா ஒண்டு. கிடங்காக் கிடக்கும் மட்டும் அது ஒருத்தற்ற காணியும் இல்லை. குப்பை கொட்ட மட்டும் எல்லாற்ற காணியும். அதில பச்சை பிடிக்கட்டும், அப்ப பார். வன இலாகா கல்லோட வரும். ஆற்றையோ பூட்டனாருக்கு முடிக்குரிய காணியில அனுமதிப்பத்திரம் இருந்ததெண்டு ஒருத்தர் பழைய கடுதாசியோட வருவார். கந்தோரில இருந்து ஒருத்தர், "இதில விளையாட்டு மைதானம் போடலாமே" எண்டு வருவார். உன்ர புல்லு அவைக்கு வரவேற்புக் கம்பளம். அதால ஒரு தண்டு நட முன்னம் பிரதேச செயலகத்துக்குப் போ. கால்நடைக்கான மேய்ச்சல் தரை எண்டு, எல்லை போட்டு, எழுத்தில வாங்கு. பட்டிக்காரற்ற சங்கத்தின்ர பேரில வாங்கு, உன்ர திட்டத்தின்ர பேரில வாங்காத, திட்டம் மூண்டு வருசத்தில வேற மாவட்டத்துக்குப் போயிடும். பொதுமக்கள் தினம் பார்த்துப் போ. ஐயா கூட்டத்துக்குப் போயிருப்பார். அடுத்த தரம் ஐயா இருப்பார், கோவை வைச்சிருக்கிற பிள்ளை லீவில நிக்கும். அதுக்கடுத்த தரம் ரெண்டு பேரும் இருப்பினம், முத்திரை மேசை லாச்சிக்க பூட்டிக் கிடக்கும். அதையெல்லாம் கணக்கில வைச்சு மாசியிலயே தொடங்கு. அப்பதான் ஐப்பசி மழைக்கு முன்னம் கடுதாசி கைக்கு வரும்.